விரால் தேடிய ஞாயிறுகள்

பிள்ளைகளே,

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்ததை நீங்கள் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பம்மாவின் காலைப் பார்த்துவிட்டு டொக்டர் இத்தாலியத்தில் ஐந்து நிமிடம் கதைத்தார். நடுவில் நின்ற சின்னவன், "ஒண்டுமில்லையாம் அப்பம்மா, குளிசையை ஒழுங்காப் போடட்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். நான் அதற்கு முந்தியே வேலையிலிருந்து ஓடிவந்து கதவடியில் நின்றேன். டொக்டர் சொன்னது எல்லாம் என் காதிலும் விழுந்தது. எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். "சொன்னதை முழுக்கச் சொல்லு! குறைக்கிறதுக்கு நீ ஆர்?"

பஸ்ஸில் வரும்போது மகள் கேட்டாள். "மா பெர்க்கே அப்பா? அவனுக்குப் பன்னிரண்டு வயசுதானே. ஏன் இவ்வளவு கோபம்?"

அதற்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. இங்கே பலெர்மோவில் எட்டாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வாசியுங்கள், விளங்காவிட்டால் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். என்னைப் போலச் சின்ன வயதில் இங்கே வந்து, தாய் தகப்பனுக்காக வாயை வாடகைக்கு விட்ட ஆட்கள் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்குக் கேட்காமலே விளங்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. லிராக் காசு ஓடிய காலம். வியா மக்வேதா என்ற பெரிய ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்றாம் மாடி, ஒரு அறை, ஒரு குசினி, ஒரு ஆள் நிற்கிற அளவு பல்கனி. அப்பா எங்களுக்கு மூன்று வருடம் முந்தி வந்தவர். ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் துப்புரவு வேலை. அம்மாவும் நானும் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்தத் தை மாதம் அம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. இரண்டு நாள் இருந்தது. நான் பார்க்கவில்லை. அம்மாவின் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அடக்கம் முடிந்துவிட்டது. பூ வளையத்தைக் கொண்டுவந்தது அப்பாவின் கூட்டாளி. பூக்கடை ஒன்றுக்கு வான் ஓட்டுகிறவர். நான் அவரை வான் மாமா என்பேன்.

அம்மா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். நெஞ்சில் ஒரு வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அது பால் வற்றத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. கதைக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. பாலில் தோய்த்த பிஸ்கட் ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. கோயிலில் ஜெபக்கூட்டத்துக்கு வருகிற அன்ரி ஒருத்தி ஒவ்வொரு நாளும் சூப்போடு வருவார். திரும்பிப் போகும்போது சூப்பும் அவரோடு போகும். டொக்டர் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் குறைந்தால் திரும்பவும் படுக்க வைக்க வேண்டிவரும் என்றார். அதை அப்பாவுக்குச் சொன்னதும் நான்தான்.

அப்பா பல்லாரோ சந்தையில் இருந்த மீன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். வாள்மீன், நெத்தலி, கணவாய், ஒரு நாள் குட்டிச் சுறா. அவர் மன்னாரில் கடற்கரைப் பக்கம். மீன் என்றால் அவருக்குக் கடல் மீன்தான். கல்லில் தீட்டிய கத்தியால் வெட்டி, மிளகு போட்டு அவித்து, கோப்பையை அம்மாவின் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருப்பார். "ஒரு வாய். எனக்காண்டி ஒரு வாய்." அம்மா அசையமாட்டார். அப்பா கோப்பை ஆறுமட்டும் அப்படியே இருப்பார், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு.

அப்படி ஒரு நாள்தான் அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"விரால் எண்டால் தின்பன்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன? என்ன சொன்னனீர்?"

"விரால். குளத்து விரால்."

பதினைந்து நாளில் அவ சொன்ன முதல் வசனம் அது. அன்ரி கேட்டுவிட்டுக் கையைத் தட்டினார். "பாத்தியளோ! உடம்பு கேக்குது. வெட்டின உடம்புக்கு விராலைப் போல ஒண்டும் இல்லை. உள்காயம் எல்லாத்தையும் ஒட்டிப்போடும்." அம்மா கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் பிறந்தவர். அங்கே சத்திர சிகிச்சை என்றாலும் பிள்ளைப்பேறு என்றாலும் விரால்தான் மருந்து. அப்பாவின் ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள், சேறு மணக்கும் என்பார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இது அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பகிடி. அன்றைக்கு அப்பா பகிடி விடவில்லை. சேட்டைப் போட்டுக்கொண்டு, "வாடா, நீ வந்தாத்தான் கதைக்கலாம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

மீன்காரனுக்கு நான் விளக்கினேன். கறுப்பு, நீளம், பாம்பின் தலை, குளத்தில் இருக்கும், காற்றுக் குடிக்க மேலே வரும். அவன் பனிக்கட்டியை அள்ளிக்கொண்டே சிரித்தான். "பிச்சொத்து, நீ சொல்லுறது மீனில்லை, என்ரை மாமியார்." பக்கத்துக் கடைக்காரரும் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

நான், "இவரிட்டை இல்லையாம் அப்பா" என்றேன். மாமியாரை விட்டுவிட்டேன். நான் குறைத்த முதல் வார்த்தை அதுதான். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பத்திரிகைக் கியோஸ்க் ஒன்றில் தூண்டில்காரருக்கான பழைய சஞ்சிகை ஒன்று தொங்கியது. அட்டையில் ஒரு மனிதன் இரண்டு கையாலும் ஒரு மீனைப் பிடித்திருந்தான். நீளம், பச்சையும் கறுப்பும் கலந்த உடம்பு, வாய் நிறையப் பல். அப்பா ரோட்டில் நின்றபடியே அதைத் தொட்டார்.

"இதடா. இதுதான் இஞ்சத்தை விரால். வாசி, என்ன பேர்?"

"லூச்சோ."

"எங்கை இருக்குமாம்?"

"குளத்திலையாம், லாகோவிலையாம்."

கியோஸ்க்காரன் பழசுதானே என்று சும்மா கொடுத்தான். அப்பா அட்டையைக் கிழித்து நாலாக மடித்து, பெர்மெஸ்ஸோ வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். இந்த நாட்டில் இருக்கலாம் என்ற கடதாசியும் அந்த மீனும் அதற்குப் பிறகு ஒன்றாகத்தான் இருந்தன.

அந்த ஞாயிறு வான் மாமா வானைக் கொண்டுவந்தார். பலெர்மோவிலிருந்து மலையேறினால் பியானாவில் ஒரு பெரிய குளம், அணை கட்டி மறித்தது. வானுக்குள் கிளாடியோலா பூவின் மணம், ஈரக் கடதாசி மணம், பூக்குத்துகிற பச்சை நுரைக்கட்டியின் மணம். நான் பின்னால் தண்ணீர் வாளிகளுக்கு நடுவில் குந்தியிருந்தேன். மாமா முழு வழியும் வீரம் கதைத்தார்.

"மச்சான், நாங்கள் சுறா இழுத்த கையள். ஒரு குளத்துப் பூச்சி எங்களுக்கு என்ன கணக்கு? பத்தரைக்குப் போடுவம், பதினொண்டுக்குத் தூக்குவம், பன்னிரண்டுக்குத் தங்கச்சியின்ரை சட்டியிலை."

"வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பாரும்" என்றார் அப்பா. ஆனால் அவர் முகத்தில் இரண்டு கிழமையாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது.

கடற்காரர் இரண்டு பேரும் கடல்முறையில்தான் தொடங்கினார்கள். கைநூல், பெரிய ஈயக்கட்டி, நெத்தலித் துண்டு. ஈயம் சேற்றில் புதைந்தது. இழுத்தால் பாசி வந்தது, ஒரு தடவை ஒரு சப்பாத்து. மாசி மாதக் குளிர் காலுக்குள்ளால் ஏறியது. எதிர்க்கரையில் செம்மறி மணிச்சத்தம். கொண்டுபோன சோறு அடியில் கருகியது, அப்பா சமைத்தது. மூன்று பேரும் அதையும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

கொஞ்சம் தள்ளி ஒரு கிழவர் மடிக்கதிரையில் இருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தலையில் சிசிலியத் தொப்பி. அப்பா என்னை அனுப்பினார். படத்தையும் கொண்டு போகச் சொன்னார், தானும் பின்னால் வந்து நின்றார்.

கிழவர் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "லூச்சோ? நொன் ச்சே, இல்லை. இருபது வருசமா வாறன், ஒண்டுகூடக் கண்டதில்லை. இஞ்சை கெண்டை இருக்கு, விலாங்கு இருக்கு, பெர்சிகோ எண்டு ஒரு மீன் இருக்கு. இது இல்லை. ஏன் இதுதான் வேணும்?"

நான் பள்ளிக்கூடத்து இத்தாலியத்தில் சொன்னேன். அம்மா சுகமில்லை. எங்கள் பிள்ளை செத்துவிட்டது. அம்மா இதைத்தான் கேட்கிறா.

அவர் தூண்டில் தடியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் போட்டார். பிறகு சிசிலிய மொழியில் வேகமாகக் கதைத்தார். பள்ளிக்கூட முற்றத்தில் நான் பழகிய மொழி அது, எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சொல்லி முடித்துவிட்டு என் தோளுக்கு மேலால் அப்பாவைப் பார்த்தார், "சொல்லு" என்று எனக்குக் கையைக் காட்டினார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

பிள்ளைகளே, அந்த நேரம் அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். காலையில் வானில் வந்த வெளிச்சம் அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் திரும்பிப் போக வேண்டும். அந்த அறைக்கு, அந்தக் கோப்பைக்கு, சுவரைப் பார்த்த அந்த முதுகுக்கு. எனக்கும் போக விருப்பமில்லை. உண்மையைச் சொன்னால் அதுதான் பெரிய காரணம்.

"இஞ்சை குறைவாம் அப்பா. அங்காலை கக்காமோப் பக்கம் வேறை குளம் இருக்காம். அங்கை இருக்காம்."

"அவ்வளவும் இதுக்கோ கதைச்சவர்?"

"ஓம்."

அப்பா கிழவருக்கு "கிராத்ஸியே" என்று நன்றி சொல்லிக் கையைக் கொடுத்தார். கிழவர் அந்தக் கையை நெடுநேரம் விடவில்லை. அப்பாவுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

அப்படித்தான் ஞாயிறுகள் தொடங்கின. கக்காமோ. பிறகு பிகுத்ஸாக் காட்டுக்குக் கிட்ட இன்னொரு குளம். திரும்பவும் பியானா. ஒவ்வொரு குளத்திலும் நான் யாரிடமாவது கேட்டேன், ஒவ்வொருவரும் இல்லை என்றார்கள், நான் ஒவ்வொரு முறையும் அடுத்த குளத்தைச் சொன்னேன். முதலில் சொன்னதைக் காப்பாற்ற இரண்டாவது, இரண்டாவதைக் காப்பாற்ற மூன்றாவது.  ஞாயிறு காலை ஐந்து மணிக்கே முழித்துக்கொண்டு, அடுத்து எந்தக் குளத்தைச் சொல்வது என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன். 

அப்பா சும்மா போய்வரவில்லை. கிழமை முழுக்க யோசிப்பார். சஞ்சிகையை நான் வாசிக்க வாசிக்கக் கேட்பார். இந்த மீன் கரண்டி போல மினுங்குகிறதைத் துரத்தும் என்று அதில் இருந்தது. சிஞ்ஞோரா எறிந்த இனிப்புக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, பிடியை அறுத்து, இரண்டு பக்கமும் துளைபோட்டு, ஒரு பக்கம் மூன்றுமுள் தூண்டிலைக் கோர்த்தார். பல்லு நூலை அறுக்கும் என்று வாசித்தபோது மாமா துள்ளினார். "இதுதானே நான் சொன்னனான்! சுறாவுக்குப் போடுற கம்பி!" பூ வளையம் கட்டுகிற கம்பி வானுக்குள் நிறையக் கிடந்தது. மூன்று முறுக்காகத் திரித்தார்கள். அந்தக் கரண்டி தண்ணீருக்குள் மீன்குஞ்சு போலவே துடித்துக்கொண்டு வரும். நான் அவ்வளவு வடிவான ஒன்றை அதற்கு முந்திக் கண்டதில்லை. நாலாம் எறிதலில் அடிக்கட்டையில் சிக்கி அறுந்தது. அப்பா அடுத்த கிழமை இன்னொன்று செய்தார், முள்ளில் புல்லுச் சிக்காதபடி ஒரு சின்னக் கம்பி மறைப்போடு.

ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது அப்பா சொன்னார். "கொம்மாட்டைக் கேளடா, அவையின்ரை பக்கம் எப்பிடிப் பிடிக்கிறவை எண்டு. நான் கேட்டாச் சொல்லமாட்டா."

பின்னேரம் நான் கட்டிலில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஏறி இருந்து கேட்டேன்.  நான் இறங்கப் போகும்போது குரல் வந்தது.

"கொப்பருக்குக் கரண்டி சரிவராது. தவளை வேணும்."

"தவளையை என்ன செய்யிறது?"

"முதுகுத் தோலிலை கொளுவவேணும், சாகப்படாது. மூங்கில் தடி. நூல் கட்டையா இருக்கவேணும். தண்ணிக்கு மேலை துள்ளத் துள்ளக் கொண்டுபோகவேணும்." ஒரு கை போர்வைக்குள் இருந்து வெளியே வந்து, இரண்டு விரல் கட்டில் சட்டத்தில் துள்ளிக் காட்டியது. டக், டக், டக்.

நான் குசினிக்குள் ஓடிப்போய் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் விரல் துள்ளியதைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார். "இப்பிடியோ? இப்பிடித்தான் காட்டினவவோ?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு கேள்வி கொண்டுபோனேன். காலையிலா மாலையிலா? வெயில் ஏற முந்தி. ஆழத்திலா? இல்லை, கரைப் புல்லுக்குள். வேறு எப்படிப் பிடிப்பார்கள்? தண்ணீர் வற்றினால் கரப்புக் குத்துவார்கள், அடியில்லாத கூடை, மேலால் கவிழ்த்துவிட்டுக் கையை விட்டுத் துழாவுவது. "என்ரை அண்ணை ஒருக்காத் துழாவிப் பாம்பைத் தூக்கினவன்" என்று சொல்லி அம்மா ஒரு சின்னச் சத்தம் போட்டார். சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் பிறகும் சொல்லவில்லை என்று? அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தோம். அது இல்லாத மீன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

சித்திரை கடைசியில் நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். கேள்விகள் முடிந்துபோயின, வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா, விரால் எங்கை நிக்குது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"குஞ்சைப் பாக்கவேணும்" என்றார் அம்மா. "பொரிச்ச குஞ்செல்லாம் ஒரு கூட்டமா மேலை வரும். செக்கச் செவேலெண்டு, தண்ணி கொதிக்கிற மாதிரி. அதுக்குக் கீழை தாய் நிக்கும். குஞ்சுக்கு நடுவிலை தவளையைப் போட்டா உடனை வந்து கடிக்கும்."

"அவ்வளவு பசியோ?"

"பசிக்குக் கடிக்கிறேல்லை. பிள்ளையளைத் தின்ன வந்திட்டுது எண்டு நினைச்சுக் கடிக்கிறது."

அதோடு நின்றது. நான் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. முதுகு மட்டும் மெல்ல மெல்லச் சுருண்டது. போர்வை தலைக்கு மேலே போனது.

நான் விளங்காத முட்டாள். பெரிய இரகசியம் கிடைத்த சந்தோசத்தில் குசினிக்கு ஓடி அப்பாவுக்கு ஒரு சொல் விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டவன், அதை மட்டும் முழுதாக மொழிபெயர்த்தேன். அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். வெங்காயக் கை கண்ணில் பட்டதென்று நினைத்தேன்.

அம்மா பழையபடி ஆனார். கஞ்சியும் நின்றது.

வைகாசியில் பியானாவுக்கு மூன்றாம் தடவை போனோம். குளிர் போய், கரையெல்லாம் மஞ்சள் பூ. சிஞ்ஞோராவின் மர்மலாட் போத்தலுக்குள் இரண்டு தவளை, வாய்க்காலில் நான் பிடித்தவை. மூங்கில் தடிக்குப் பதிலாகப் பூக்கடைக் கம்பு. அந்தக் கிழவர் அன்றைக்கு வரவில்லை. அவர் இருக்கிறாரா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். இல்லை என்றதும் மூச்சு வந்தது.

புல்லுக்குள் நடந்துபோகும்போது கண்டேன். கரையிலிருந்து ஒரு பாகம், இரண்டு கையும் விரித்த தூரத்தில், சிவப்பில்லை, கறுப்பாக ஒரு புகை மாதிரி. நூற்றுக்கணக்கில் குஞ்சு. கீழே, பச்சை நிழலுக்குள், ஒரு கை நீளத்தில் ஒரு மீன் அசையாமல் நின்றது.

"அப்பா! குஞ்சு! அம்மா சொன்ன மாதிரி!"

மாமா விழுந்தடித்து ஓடிவந்தார். "மாதாவே! மச்சான், நிக்குதடாப்பா, நிக்குது! போடும், போடும்!"

லூச்சோ இல்லை. இன்றைக்குத் தெரியும், கிழவர் சொன்ன பெர்சிகோ அது. அதுவும் குஞ்சைக் காக்கிற மீன்தான். அன்றைக்கு எங்களுக்கு அது விராலாகத்தான் தெரிந்தது. அப்பா தவளையைக் கொளுவினார், முதுகுத் தோலில், சாகாதபடி. கம்பை நீட்டினார். தவளை குஞ்சுக் கூட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கால் உதறிக்கொண்டு தொங்கியது. கீழே நின்ற மீன் மெல்லத் தலையை நிமிர்த்தியது.

அப்பா இறக்கவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? போடும்!"

அப்பா குஞ்சுகளைப் பார்த்தபடி கம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். 

"மச்சான், மூண்டரை மாசம் அலைஞ்சது இதுக்குத்தானே! தாரும் இஞ்சை!"

"தொடாதையும்" என்றார் அப்பா. கத்தவில்லை. மாமா கையை எடுத்துவிட்டார்.

அப்பா கம்பைக் கரைக்கு இழுத்துத் தவளையை அவிழ்த்து விட்டார். அது போகாமல் அவர் காலடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. திரும்பும் வழியில் மாமா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

வீட்டுப் படியேறிப் போனபோது அம்மா கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். தானாகக் கேட்டார், அதுதான் முதல் தடவை.

"கிடைச்சுதோ?"

"இல்லை" என்றார் அப்பா. சேட்டைக் கழற்றாமல் குசினிக்குள் போய் நின்றார்.

அதற்குப் பிறகு குளத்துக்குப் போகவில்லை. பதினைந்து நாளில் அம்மாவைத் திரும்பவும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். இந்த மீனால் ஒன்றும் நடக்கவில்லை. ஆவணி வெக்கையில் வீட்டுக்கு வந்தார். ஒரு பின்னேரம் சந்து முனையில் வெட்டி விற்கிற சிவந்த வத்தகப்பழத் துண்டு ஒன்றைத் தானாக இறங்கிப் போய் வாங்கி, நின்ற இடத்திலேயே தின்று, விதையைத் துப்பினார். நான் பல்கனியில் நின்று பார்த்தேன். எது அவவை எழுப்பியது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. மருந்தாக இருக்கலாம், நாட்கள் போனதாக இருக்கலாம்.

இந்த வருடம் அப்பா போனார். உங்களுக்கு அப்பப்பா. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, ஆட்கள் எல்லாம் போன பிறகு, அலுமாரியில் பழைய பெர்மெஸ்ஸோ உறையை எடுத்தேன். மீன் படம் அப்படியே இருந்தது, மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து. பின்பக்கம் அப்பாவின் எழுத்து. பியானா, இல்லை. கக்காமோ, இல்லை. பிகுத்ஸா, இல்லை. முதலில் எழுதிய பியானா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எங்கள் முதல் ஞாயிற்றின் திகதி.

நான் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டில் வேலை செய்கிறவன் முதலில் படிக்கிற இத்தாலியம் எது? தொலைபேசி அடித்தால் எடுத்துச் சொல்வது. "லா சிஞ்ஞோரா நொன் ச்சே", சிஞ்ஞோரா இல்லை என்று. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்பா சொன்ன சொல் அது. கிழவர் படத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல்லும் அதுதான். அப்பா என் பின்னால்தான் நின்றார்.

அன்று மாலை அம்மாவிடம், உங்கள் அப்பம்மாவிடம், எல்லாவற்றையும் சொன்னேன். நான் மறைத்ததை, அப்பா எழுதி வைத்ததை. அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சை விரால் இல்லை எண்டு எனக்கும் தெரியும்" என்றார்.

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"அந்த மனுசன் கட்டில் கரையிலை இருந்து என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தார். தாங்கேலாமல் இருந்தது. இல்லாத ஒண்டைக் கேட்டா எழும்பி எங்கையாவது போவார் எண்டு சொன்னன்."

"போனது நிம்மதியா இருந்ததோ?"

"முதல் ரெண்டு மூண்டு கிழமை இருந்தது." படத்தை மடித்தார். "பிறகு பின்னேரம் நாலு மணியிலை இருந்து படியிலை காலடிச் சத்தம் கேக்குதோ எண்டு கிடப்பன். வருவார். வந்தா சேட்டெல்லாம் செத்தவீட்டுப் பூ மணக்கும். அந்த வானாலை. பிள்ளையை அடக்கம் செய்திட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த அண்டைக்கும் அதே மணம்தான். வேண்டாம், போகாதேங்கோ எண்டு சொல்ல நினைப்பன். நீ தவளை, குளம் எண்டு அவ்வளவு ஆசையா ஓடிவருவாய். எப்பிடிச் சொல்லுறது?"

ஒவ்வொரு ஞாயிறும் அந்த மணத்தோடுதான் நாங்கள் அவவிடம் வந்திருக்கிறோம். எனக்கு அது பூவாக மட்டும்தான் மணந்தது.

அடுத்த ஞாயிறு மேலதிக வேலை என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேன். வேலை இல்லை. பியானாவுக்குக் காரை விட்டேன். கரையில் ஒருவரும் இல்லை, காற்று மட்டும். கிழவரின் மடிக்கதிரை இருந்த இடம் எது என்று சரியாகத் தெரியவில்லை, கிட்டத்தட்ட ஒரு இடத்தில் நின்றேன். "நொன் ச்சே" அப்பாவுக்கு விளங்கியிருக்கும். அதற்குப் பிறகு கிழவர் சிசிலிய மொழியில் சொன்னது விளங்கியிருக்காது. அது இவ்வளவு காலமும் என்னிடம்தான் இருந்தது.

வாய்விட்டுச் சொன்னேன், அப்பாவுக்குச் சொல்கிற தமிழில், ஒரு சொல்லும் குறைக்காமல்.

"அந்த ஆள் சொல்லுறார் அப்பா, தனக்கும் ஒரு பிள்ளை போனதாம். பொம்பிளைப் பிள்ளையாம். மனுசி கதைக்காமல் கிடந்தவவாம். தனக்கு வீட்டிலை இருக்கப் பயமாம், அதாலை ஒவ்வொரு ஞாயிறும் இஞ்சை வந்ததாம். மீன் கொண்டுபோய்க் குடுத்ததாம், தான் அவவிட்டைப் போய்ச் சேரேல்லையாம். இண்டைக்கும் அவ அதைச் சொல்லுறவவாம். மீன் இல்லையாம் அப்பா. உங்களை வீட்டை போகட்டாம். பக்கத்திலை இருக்கட்டாம். முகத்தைப் பாக்காட்டியும் பரவாயில்லை, கதைக்காட்டியும் பரவாயில்லை, இருக்கட்டாம்."

மொழிபெயர்க்கிறவன் ஒரு பக்கத்துக்குச் சொல்லி முடித்தால், அந்தப் பக்கம் பதில் சொல்லும்வரை கொஞ்சம் நிற்க வேண்டும். நானும் நின்றேன்.